குருதிச் சிறுதட்டு ஊசியும் ஆடவர் வழுக்கையும்: ஒரு விளக்கம்

தோற்றுவாய்

ஆனையிறவைக் கடந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்வோர்க்குக் கண்டி வீதியின் மருங்கே தென்னஞ்சோலைகள் செறிந்து தோன்றுமிடம் பளை. பச்சிலைப்பள்ளிப் பிரதேசத்தைச் சேர்ந்த இவ்வூரிற் குழந்தையின் உச்சியில் எண்ணெய் வைப்பது முதல் முதியவரின் எண்ணெய் முழுக்கு வரை தலையும் தேங்காயெண்ணெயும் பிரிக்கவொண்ணா உறவுடையன. கையாந்தகரையும் நெல்லியும் இட்டுக் காய்ச்சிய எண்ணெய் மயிர் உதிர்வை நிறுத்தும் என்னும் நம்பிக்கையும் இங்கே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. 2014 மார்ச்சு 4ஆந் திகதி புகையிரதம் மீண்டும் பளையை அடைந்தது. அவ்வாண்டு ஒற்றோபர் 13ஆந் திகதி அது யாழ்ப்பாணம் வரை நீண்டது. கொழும்புக்குப் போய்வருதல் எளிதாகவே, தலைநகரின் அழகியல் மருத்துவ நிலையங்களும் இவ்வூர் இளைஞர்க்கு எட்டுந் தொலைவுக்கு வந்தன. “எமது இரத்தத்தையே எடுத்து எமது தலையில் ஏற்றினால் மயிர் முளைக்குமாமே, அது உண்மையோ?” என்று இளைஞர் சிலர் எம்மை வினவியதுண்டு. அவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழுக்கையால் உயிருக்கு இடரில்லை. எனினும் அதனை அற்பமெனத் தள்ளிவிடலும் பொருந்தாது. மணம் பேசும் பருவத்தில் நெற்றி ஏறத்தொடங்கிய இளைஞன் படும் உளவருத்தம் மெய்யானதே. அவ்வருத்தமே வணிகர்க்கு வாயிலாகின்றது. பல மாதச் சம்பளத்தை, அல்லது கடன்பட்ட பணத்தை, இச்சிகிச்சைக்குச் செலவிட எண்ணுவோர் அதனால் யாது கிடைக்கும், யாது கிடைக்காது என்பதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

மயிரின் வாழ்க்கை வட்டம்

மனிதரின் தலையில் ஏறத்தாழ ஓரிலட்சம் மயிர்கள் உள. ஒவ்வொன்றும் தோலினுட் புதைந்துள்ள மயிர்ப்பை என்னும் சிற்றுறுப்பிலிருந்து தோன்றுகின்றது. நாம் கண்ணாற் காணும் மயிர்த்தண்டு உயிரற்றது. உயிருள்ள பகுதி மயிர்ப்பையே. அதன் அடியிலுள்ள சிறு சிம்பியானது குருதிக் கலன்களிலிருந்து ஊட்டம் பெற்று, மயிரை ஆக்கும் கலங்களைத் தூண்டுகின்றது.

மயிர்ப்பை இடையறாது தொழிற்படுவதன்று. அது மூன்று நிலைகளைச் சுழற்சியாகக் கடக்கின்றது. முதலாவது வளர்நிலை; இது 2 முதல் 6 ஆண்டு வரை நீடிக்கும். இக்காலத்தில் மயிர் மாதமொன்றுக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் வளரும். இரண்டாவது ஒடுங்குநிலை, இது இரண்டு மூன்று வாரங்களில் முடிவுறும். மூன்றாவது ஓய்வுநிலை, ஏறக்குறைய மூன்று மாதங்கொண்டது. ஓய்வுநிலையின் ஈற்றிற் பழைய மயிர் வீழப் புதியது அரும்பும். ஆதலின் நாளொன்றுக்கு 50 முதல் 100 மயிர் வரை உதிர்தல் இயல்பேயாகும். சீப்பிற் சிக்கிய மயிரைக் கண்டு அஞ்சுவோர் இதனை முதற்கண் உளங்கொள்ளல் வேண்டும்.

மயிர் உதிர்வு யாவும் வழுக்கை ஆகா என்பதும் ஈண்டு நோக்கற்பாலது. கடுங்காய்ச்சல், பெரிய சத்திரசிகிச்சை, உணவுக் குறைவு, இரும்புச்சத்துக் குறைபாடு, தைரொயிட்டுச் சுரப்பியின் கோளாறு ஆகியவற்றாற் பெருந்தொகையான மயிர்கள் ஒருங்கே ஓய்வுநிலையை அடைவதுண்டு. டெங்குக் காய்ச்சல் தீர்ந்து இரண்டு மூன்று மாதங்களின் பின்னர் மயிர் கற்றை கற்றையாக உதிர்வது இவ்வகையினது. காய்ச்சலால் நேர்ந்த இவ்வுதிர்வு பெரும்பாலும் சில மாதங்களில் தானே நின்று, மயிர் மீள முளைக்கும். புழுவெட்டு என நம்மவர் வழங்கும் நோயோ வேறு. வட்டவட்டமாக மயிர் உதிரும் அந்நோயிற் புழு எதுவும் இல்லை. உடலின் காப்புத் தொகுதியே மயிர்ப்பைகளைப் பகையெனக் கருதித் தாக்குவதால் அது விளைகின்றது. இக்கட்டுரை இவற்றின் வேறாய, பரம்பரை வழிவரும் ஆடவர் வழுக்கையையே எடுத்துக்கொள்கின்றது.

வழுக்கை தோன்றுமாறு

ஆடவர் வழுக்கைக்கு ஆண்மை ஓமோன் காரணமென்பதை 1942இல் அமெரிக்கரான யேம்சு ஹமில்ரன் தெளிவுறுத்தினார். பூப்பெய்துமுன் விதைகள் நீக்கப்பெற்ற ஆடவர்க்கு வழுக்கை விழுவதில்லை என்பதையும், அவர்களுட் குடும்பத்தில் வழுக்கை உடையோர்க்குத் தெசுத்தொசுத்தரோன் என்னும் ஓமோனைச் செலுத்தியபோது வழுக்கை தொடங்கியது என்பதையும் அவர் கண்டார். எனவே ஓமோன், பரம்பரை ஆகிய இரண்டும் கூடியவழியே வழுக்கை நிகழ்கின்றது.

பின்னர், தெசுத்தொசுத்தரோனைத் தோலிலுள்ள நொதியமொன்று டைஐதரோதெசுத்தொசுத்தரோன் என்னும் வலுமிக்க ஓமோனாக மாற்றுகின்றது என்பதும், அதுவே மயிர்ப்பையைத் தாக்குகின்றது என்பதும் புலனாயின. அந்நொதியம் பிறவியிலேயே குறைந்த சிலர் தொமினிக்கன் குடியரசில் இருப்பது 1974இல் வெளியான ஆய்வால் அறியப்பட்டது. அவர்களிடத்து ஆடவர் வழுக்கை காணப்படவில்லை.

பரம்பரையாற் கூருணர்வு பெற்ற மயிர்ப்பைகள் இவ்வோமோனின் தாக்கத்தாற் சுழற்சிதோறும் சிறுக்கின்றன. வளர்நிலை குறுகுகின்றது, தடித்த கருமயிர் மெல்லிய பூமயிராகின்றது. நெற்றியின் இரு மூலைகளும் உச்சியும் முதலிற் பாதிப்புறும். பிடரி மயிர்ப்பைகள் இவ்வோமோனுக்கு அசையாதனவாதலின் முதுமையிலும் அங்கு மயிர் எஞ்சுகின்றது. சிறுத்த மயிர்ப்பை உடனே அழிவதில்லை என்பது கருதத்தக்கது. நெடுங்காலம் அது சுருங்கிய நிலையில் உயிரோடிருக்கும். சிகிச்சைகள் யாவும் இவ்விடைவெளியையே பயன்படுத்த முயல்கின்றன. மயிர்ப்பை முற்றாக மறைந்து தோல் பளபளப்பாகிய இடத்தில் எவ்வூசியும் எவ்வெண்ணெயும் பயிர் விளைக்கமாட்டா.

குருதிச் சிறுதட்டு

குருதியிற் செங்குழியம், வெண்குழியம், சிறுதட்டு என்பன திரவவிழையத்தில் மிதக்கின்றன. சிறுதட்டு என்னுஞ் சொல் பாடநூலுக்கு வெளியே நம்மவரிடையே அதிகம் வழங்காததெனினும், ‘பிளேற்லெற்’ என்பதை அறியாத வீடு இன்று இல்லை எனலாம். 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவான 2017ஆம் ஆண்டில், மருத்துவமனை வாயில்தோறும் ‘பிளேற்லெற் எவ்வளவு?’ என்னும் வினாவே ஒலித்தது. அந்நோயில் எண்ணிக்கை குறைந்து உயிரை அச்சுறுத்தும் அதே சிறுதட்டுத்தான் இச்சிகிச்சையிற் செறிவாக்கப்படுவது.

இத்தாலிய அறிஞர் யூலியோ பிற்சொசெரோ 1882இற் சிறுதட்டின் தன்மையையும் குருதி உறைதலில் அதன் பங்கையும் விளக்கினார். குருதியில் ஒரு மைக்குரோலீற்றருக்கு 1,50,000 முதல் 4,50,000 வரையான சிறுதட்டுகள் காணப்படும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 8 முதல் 10 நாள் வரை வாழும். காயம் நேர்ந்தவிடத்து இவை ஒன்றுகூடி அடைப்பாகிக் குருதியொழுக்கைத் தடுக்கின்றன. இவற்றின் பணி அத்துடன் அமைவதில்லை. இவை தம்முள்ளே உள்ள நுண்மணிகளைத் திறந்து, வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்களையும் சொரிகின்றன. கலங்களைப் பெருகச் செய்தல், புதிய நுண்குருதிக் கலன்களைத் தோற்றுவித்தல், இழையத்தைச் சீராக்கல் ஆகியன அப்புரதங்களின் தொழில்கள்.

காயத்தை ஆற்றும் இவ்வாற்றலைச் செறிவாக்கி வேண்டுமிடத்துச் செலுத்தினால் என்ன என்னும் எண்ணமே இச்சிகிச்சையின் கருவாகும். சிறுதட்டுச் செறிந்த திரவவிழையம் முதலிற் சிறுதட்டுக் குறைந்த நோயாளர்க்கு ஏற்றுவதற்கே பயன்பட்டது. 1998இல் அமெரிக்கரான றொபேட் மார்க்சும் துணைவரும் தாடையென்பு ஒட்டுதலில் அதனைப் பயன்படுத்தியதன் பின்னர்ப் பல துறையினரும் அதனை நாடினர். மூட்டுநோய், தசைநாண் காயம், ஆறாப்புண் என்பவற்றை அடுத்து மயிரியலிலும் அது புகுந்தது.

சிகிச்சை நிகழுமாறு

நோயாளரின் கைநாளத்திலிருந்து 10 முதல் 60 மில்லிலீற்றர் வரை குருதி பெறப்படும். உறையாதிருக்கச் சித்திரேற்றுக் கரைசல் சேர்த்து அதனை மையநீக்கியில் இட்டுச் சுழற்றுவர். பாரமிகுந்த செங்குழியங்கள் அடியிற் படியத் திரவவிழையம் மேலே தெளியும். இரண்டுக்கும் இடையே வெண்குழியங்களும் சிறுதட்டுகளும் மெல்லிய படையாக அமையும். சிலர் ஒருமுறை மட்டும் சுழற்றுவர். வேறு சிலர் மேற்பகுதியைப் பிரித்தெடுத்து மீண்டுஞ் சுழற்றுவர். இவ்வாறு பெற்ற சில மில்லிலீற்றர் பொன்னிற நீரை நுண்ணூசியால் மயிர் அருகிய இடமெங்கும் சிறுசிறு அளவாகச் செலுத்துவர். மாதத்துக்கு ஒன்றாக மூன்று தடவை செய்து, பின்னர்ச் சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பித்தல் பலர் கைக்கொள்ளும் முறையாகும்.

இங்கே ஓர் எளிய கணக்குப் பயன்தரும். ஒருவரின் குருதியில் மைக்குரோலீற்றருக்கு 2,00,000 சிறுதட்டு உளவென்று கொள்வோம். அவரிடம் 20 மில்லிலீற்றர் குருதி பெற்று, அதிலுள்ள சிறுதட்டுகள் அனைத்தையும் 4 மில்லிலீற்றரில் ஒடுக்கினால் செறிவு ஐந்து மடங்காகி 10,00,000 ஆகும். அனைத்தையும் பிடித்தல் இயலாது. 60 வீதமே கிட்டின் செறிவு 6,00,000 ஆகக் குறையும். சுழற்சி வேகமோ நேரமோ பிழைப்பின் இயல்பான குருதியிலும் மேம்படாத நீரே கிடைக்கவுங் கூடும். நோயாளர் கண்ணுக்கு மூன்றும் ஒரே பொன்னிறமாகவே தோன்றும். ஆகவே ஒரே பெயரில் வழங்கும் சிகிச்சை இடத்துக்கு இடம் வேறான பொருளாகின்றது. தேங்காய்ப்பாலிற் கட்டிப்பாலும் தண்ணிப்பாலும் ஒருபெயர் பெறினும் ஒருபயன் தாராமை போன்றது இது.

ஆய்வுகள் கூறுவன

ஆய்வுகூடத்தில் வளர்த்த மயிர்ச்சிம்பிக் கலங்கள் சிறுதட்டுச் சாற்றாற் பெருகுவதும், எலிகளில் மயிர் ஓய்வுநிலையினின்று வளர்நிலைக்கு விரைந்து செல்வதும் 2012இல் வெளியான ஆய்வொன்றிற் காட்டப்பட்டன. எனினும் எலியின் முதுகும் மனிதனின் உச்சந்தலையும் ஒன்றல்ல. மனிதரிடத்து நிகழ்ந்த ஆய்வுகளே தீர்ப்புக்கு உரியன.

2006இற் பிரேசில் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் காலோசு ஊபெல், நடுகைக்கு எடுத்த மயிர்ப்பைகளை இத்திரவவிழையத்தில் ஊறவைத்து 20 பேரில் ஆராய்ந்தார். ஊறவைத்த பகுதியில் மயிர்ச் செறிவு ஏறத்தாழ 15 வீதம் மிகுந்தது. 2014இல் வெளியான இந்திய ஆய்வொன்றில், மினொக்சிடிலும் பினாஸ்ரரைட்டும் பயன்தராத 11 பேருக்கு இரு வாரங்களுக்கு ஒருமுறையாக நான்கு தடவை ஊசியேற்றப்பட்டது. மயிர் எண்ணிக்கை சதுர சென்ரிமீற்றருக்குச் சராசரி 22 அலகு கூடியதாக அவ்வாய்வாளர் தெரிவித்தனர். ஆயின் அவ்வாய்வில் ஒப்புநோக்குதற்கு ஊசி பெறாத குழு இருக்கவில்லை.

அக்குறையை 2015இல் வெளியான இத்தாலிய ஆய்வு நீக்கியது. 20 ஆடவரின் தலையை இருகூறாகக் கொண்டு, ஒரு பாதிக்குச் சிறுதட்டு நீரும் மறு பாதிக்கு வெறும் உப்புநீரும் மாதமொருமுறையாக மூன்று தடவை ஏற்றினர். சிறுதட்டுப் பகுதியிற் குறித்த இடத்து மயிர் சராசரி 33.6 கூடியது. ஆயினும் ஓராண்டின் பின்னர் நால்வர்க்கு உதிர்வு மீண்டமையும் அதே ஆய்விற் குறிக்கப்பட்டுள்ளது. இதற்கு மாறாக, 2016இல் ஈரானிலிருந்து வெளியான ஆய்வு 17 ஆடவர்க்கு இரு தடவை ஊசியேற்றி உப்புநீருடன் ஒப்பிட்டபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு எதனையுங் காணவில்லை.

இவ்வெண்களை நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். ஆய்வுக்குட்பட்டோர் தொகை 11, 17, 20 என்றே நிற்கின்றது. செறிவும் தடவையும் ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகின்றன. ஊசியாற் குத்துதல் தானே ஒரு தூண்டலாகலாம் என்பதும் மறத்தற்குரியதன்று. 2013இல் வெளியான மும்பாய் ஆய்வொன்றில், 100 ஆடவருள் மினொக்சிடிலுடன் நுண்ணூசி உருளையும் பெற்றோர், மினொக்சிடில் மட்டும் பெற்றோரினும் மிகுந்த பயன் கண்டனர். அங்கே சிறுதட்டு எதுவும் ஏற்றப்படவில்லை. ஆகவே உப்புநீர் ஊசியோடு ஒப்பிடாத எந்த ஆய்வும் சிறுதட்டின் தனிப்பயனை நிறுவமாட்டாது. காய்ச்சலின் பின் உதிர்ந்து தானே மீள முளைக்கவிருந்த மயிர்க்கு ஊசி பெயர் பெறுதலும் இவ்வாறானதே.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, வழுக்கையின் தொடக்க நிலையில் உள்ளோர் சிலர்க்கு இச்சிகிச்சை மயிரைத் தடிப்பாக்கி ஓரளவு செறிவைக் கூட்டக்கூடும் என்று கொள்வதே பொருந்தும். அது எல்லார்க்கும் பயன்தரும் என்றோ, பயன் நிலைக்கும் என்றோ கூறுதற்கு ஆதாரமில்லை. ஏனெனில் வழுக்கைக்கு மூலமான ஓமோனை இச்சிகிச்சை தொடுவதேயில்லை. வேரில் நோய் இருக்கப் பசளை மட்டும் இட்ட தென்னை சிலகாலம் பசுமை காட்டி மீண்டும் வாடுதல் போல, ஊசியை நிறுத்தின் மயிர்ப்பை பழைய வழியே செல்லும்.

ஏதங்களும் காப்பும்

தன் குருதியே தனக்கு ஏற்றப்படுவதால் ஒவ்வாமை அரிது. ஊசியிட்ட இடத்தில் நோவும் வீக்கமும் தலைவலியும் சிலநாள் இருந்து நீங்கும். ‘உமது இரத்தமே உமக்கு, ஆகவே தீங்கில்லை’ என்னும் விளம்பரமோ பாதி உண்மையாகும். குருதி தூயதாயினும் ஊசியும் குழாயும் தூயனவாதல் வேண்டுமே! ஐக்கிய அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் இதனையொத்த முகச்சிகிச்சையைப் பெற்ற பெண்கள் மூவர்க்கு எச்.ஐ.வி. தொற்றியமை 2018இல் தொடங்கிய விசாரணையால் வெளிப்பட்டது. 2024இல் அந்நாட்டு நோய்த்தடுப்பு நிலையம் அதனை விரிவாக அறிக்கையிட்டது. அழகு நிலையத்தின் ஓர் அறையில், பெயர் எழுதப்படாத குழாய்களோடு, பயிற்சியற்றவர் செய்யும் சிகிச்சை எத்துணைக் கேடு விளைக்கும் என்பதற்கு அது சான்றாகும்.

2016இற் சென்னையில் மயிர் நடுகை செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். நடுகை வேறு சிகிச்சையே எனினும், மருத்துவம் கற்றவரும் இத்தகைய ஏதத்துக்கு விலக்கல்லர் என்பதை அந்நிகழ்வு உணர்த்திற்று. காணொளி பார்த்தோ பயிலரங்கிற் கலந்தோ இத்தகைய அழகியற் சத்திரசிகிச்சைக்குத் தகுதி பெறவியலாது என இந்தியத் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவுறுத்தியது.

சிறுதட்டுக் குறைந்தோர், குருதி உறைதலைத் தடுக்கும் மருந்து உண்போர், குருதிப் புற்றுநோயோ தொற்றோ உடையோர் இதனைத் தவிர்த்தல் வேண்டும். டெங்குக் காய்ச்சலினின்று அண்மையில் எழுந்தவர் தம் சிறுதட்டு எண்ணிக்கை சீரடையுமுன் இதனை எண்ணவும் கூடாது. இலங்கையில் மருத்துவர் இலங்கை மருத்துவச் சபையிலும், தனியார் மருத்துவ நிறுவனங்கள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்கீழும் பதிவு பெறுதல் வேண்டும். அப்பதிவை வினவுதல் நாணத்துக்குரியதன்று, நோயாளரின் உரிமையாகும்.

ஏனைய வழிகள்

ஐக்கிய அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் ஆடவர் வழுக்கைக்குப் பூசும் மினொக்சிடிலை 1988இலும், உண்ணும் பினாஸ்ரரைட்டை 1997இலும் அங்கீகரித்தது. முன்னது மயிர்ப்பையின் வளர்நிலையை நீட்டுகின்றது. பின்னது டைஐதரோதெசுத்தொசுத்தரோன் ஆகும் வழியை அடைத்து நோயின் மூலத்தையே தாக்குகின்றது. சிறுதட்டு ஊசிக்கு வழுக்கைக்கென அத்தகைய அங்கீகாரம் இல்லை. மருந்துகளும் குறையற்றன அல்ல. நிறுத்தின் பயன் மறையும். பினாஸ்ரரைட்டாற் சிலர்க்குப் பாலுறவு நாட்டம் குறைதலும் உளச்சோர்வும் கூறப்பட்டுள்ளன. ஆதலின் மருத்துவரின் மேற்பார்வை இன்றியமையாதது. எவ்வாறாயினும் இவற்றை முதலில் ஆராயாது ஊசியை முதற்றெரிவாக முன்வைப்பவர் நோயாளரின் நலனினும் தம் வருவாயை நோக்குகின்றார் என ஐயுற இடமுண்டு.

பளையின் தேங்காயெண்ணெய்க்கும் இடமொன்றுண்டு. 2003இல் வெளியான இந்திய ஆய்வொன்று, கனிய எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றினும் தேங்காயெண்ணெய் மயிர்த்தண்டினுட் புகுந்து புரத இழப்பைக் குறைக்கின்றது எனக் காட்டியது. எனவே அது முளைத்த மயிரைக் காக்கும், முளைக்காததை முளைப்பிக்காது. நம் பாட்டிமாரின் கைப்பழக்கம் தண்டளவில் அறிவுடையதே; வேரளவில் அதற்கு ஆற்றல் இல்லை.

முடிவுரை

1847இல் இலங்கைக்கு வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். மக்கள் தம் உடலைப் பற்றித் தம் மொழியில் அறிதல் இயலும் என்பதை அப்பணி நிறுவியது. இன்றோ சிகிச்சை நிலையத்திற் கையொப்பத்துக்காக நீட்டப்படும் உடன்பாட்டுத் தாள் ஆங்கிலத்தில் இருப்பின், வன்னியிலிருந்து சென்ற இளைஞன் எதற்கு உடன்படுகின்றான் என்பதை அவனே அறியான். விளங்காத உடன்பாடு உடன்பாடாகாது.

ஆகவே இச்சிகிச்சையை நாடுவோர் நான்கு வினாக்களைத் தமிழிலேயே வினவி விடைபெறல் வேண்டும் என்பது எமது கருத்து. எனது உதிர்வு பரம்பரை வழுக்கைதானா, அன்றி வேறு நோயின் விளைவா? எனது மயிர்ப்பைகள் இன்னும் உயிரோடுள்ளனவா? ஏற்றப்படும் நீரிற் சிறுதட்டுச் செறிவு எத்துணை? மூன்று தடவையின் பின்னரும் எத்தனை ஆண்டுக்கு, எவ்வளவு செலவில், இதனைத் தொடர வேண்டும்? இவற்றுக்கு நேரிய விடை தரும் மருத்துவரிடத்து, செலவைத் தாங்கும் வசதியும் அளவான எதிர்பார்ப்பும் உடையவர் இதனைச் செய்துகொள்வதிற் குற்றமில்லை. விடை தர மறுப்பவரிடத்துப் பணத்தையும் குருதியையும் ஒப்படைத்தல் அறிவுடைமையாகாது. அதற்கெனக் கடன்படல் எவ்வாற்றானும் வேண்டாவென்பதே எமது துணிபு.